ஆணி இறங்காத சுவர்

தோப்பும் வண்டிக்கொட்டகையும் நெற்களஞ்சியமுமாக, நூறு வருஷத்து வீடு ஒன்று விலைக்கு வந்தது. வாங்க வந்த பெரும்பணக்காரர் ரத்தினசபாபதி பூட்ஸ் காலோடு கூடத்துக்குள் நுழைந்தார்.

“தட்டினா உதிர்ற வீடு. இடிக்கத்தான் போறேன். மண்ணுக்கு மட்டும்தான் விலை தருவேன்” என்றார்.

தரை பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்காரி இருளாயி, சுத்தியலும் ஆணிகளும் எடுத்துவந்தாள். “இந்தச் செவத்துல ஒரே ஒரு ஆணி அடிங்கய்யா. எறங்கிட்டா வீட்டைச் சும்மாவே எடுத்துக்கங்க.”

கூடத்தில் நின்ற வீட்டுக்காரர், “ஏய் இருளாயி!” என்று பதறி ஓடிவந்தார்.

ரத்தினசபாபதி ஓங்கி அடித்தார். ஆணி வளைந்தது. மூன்றாவது ஆணியும் வளைந்தது. முட்டை வெள்ளைக்கரு கலந்து கண்ணாடிபோல இழைத்த சுண்ணாம்புச் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. வியர்த்து நின்ற அவர் முகம்தான் அதில் பளிச்சென்று தெரிந்தது.

சுவரை மெல்லத் தடவிப் பார்த்தார். வாசலுக்குத் திரும்பிப்போய் பூட்ஸைக் கழற்றினார்.

அப்போதுதான் இருளாயி சொன்னாள்: “உள்ள வாங்கய்யா.”