சிப்பிமுனையில் ஓடாத ஆறு

பொன்னுலிங்கம் சாருக்கு அறுபத்தொரு வயது. முப்பத்து மூன்று வருஷம் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்தவர். தன்னிடம் படித்த பிள்ளைகளில் ஒன்றுகூடப் பெயில் ஆனதில்லை என்று சொல்லிக்கொள்வார். கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொள்வார். ஓய்வு பெற்றதும் டவுனில் மகள் வீட்டுக்கு வந்தவர், எட்டு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சிப்பிமுனை என்ற கடற்கரை ஊரில் மூன்றாம் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போயிருப்பதாகக் காதில் விழுந்ததும் பஸ் ஏறிவிட்டார்.

அந்தத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை ஜெனோவா டீச்சருக்கு முப்பத்தெட்டு வயது. சாருடைய மகளைவிட இரண்டு வயது கூட, அவ்வளவுதான்.

"டீச்சர், பெரிய பிள்ளைங்களை மேய்க்க எனக்குத் தெரியும். எட்டு வயசுப் பிள்ளைங்க விஷயத்துல நான் பூஜ்யம். நீங்கதான் எனக்குச் சொல்லித்தரணும்."

"வாங்க சார்," என்றார் ஜெனோவா டீச்சர்.

அவர் பேச்சுக்குக் கஞ்சம். சந்தேகம் என்று போய் நின்றால் எழுந்து வருவார், எதையாவது செய்வார், போய்விடுவார். புரிந்தால் புரிந்தது.

முதல் வாரமே சார் அலுவலக அறைக்கு வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"வடக்கு எதுன்னு கேட்டா மொத்த வகுப்பும் கூரைப் பக்கம் கையைக் காட்டுது டீச்சர். மேப்பைக் காட்டி மூணு நாளா தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு."

ஜெனோவா டீச்சர் வகுப்புக்கு வந்தார். ஆணியில் தொங்கிய மேப்பைக் கழற்றித் தரையில் விரித்தார்.

"வாடைக்காத்து எங்கிருந்து வரும்?"

இருபத்திரண்டு கைகளும் சொல்லிவைத்தாற்போல் கோயில் பக்கம் நீண்டன. கடலோடிகளின் பிள்ளைகளுக்குக் காற்றை யாரும் சொல்லித்தர வேண்டாம். மேப்பின் தலைமாடு அந்தப் பக்கம் வரும்படி திருப்பிப் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அன்றைக்குப் பிள்ளைகள் மேப்பைச் சுற்றி மண்டியிட்டு, அப்பா போன துறைமுகம், மாமா இருக்கிற ஊர் என்று விரலால் போய்ப்போய் வந்தார்கள். சாருக்குப் பெருமை பிடிபடவில்லை.

இப்படியே கேட்டுக் கேட்டுச் செய்திருந்தால் வம்பில்லை. இரண்டு மாதத்தில் மனுஷருக்குத் தைரியம் வந்துவிட்டது. கட்டுரை எழுத வைக்கிறேன் என்று ஆரம்பித்தார்.

கரும்பலகையில் 'எங்கள் ஊர்' என்று தலைப்பிட்டு, தன் அழகான கையெழுத்தில் எழுதிப் போட்டார். எங்கள் ஊர் அழகான ஊர். எங்கள் ஊரில் ஓர் ஆறு ஓடுகிறது. ஆற்றின் இரு கரையிலும் வாழைத் தோட்டங்கள் உள்ளன. இப்படிப் பத்து வரி.

இருபத்தொரு பிள்ளைகள் முத்து முத்தாக எழுதினார்கள். சத்தமாக வாசிக்கச் சொன்னால் ராகம் போட்டு ஒரே குரலில் வாசித்தார்கள். கேட்கக் கேட்கச் சாருக்குக் காது குளிர்ந்தது.

ரென்சி என்ற பிள்ளை மட்டும் தலைப்பை எழுதிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான். எழுந்து நின்று வாசி என்றால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உதடு பிரியாது. கெஞ்சினார், மிரட்டினார், கடைசியில் கைகழுவிவிட்டார்.

சாயங்காலம் ரென்சியைக் கூட்டிப்போக வந்த அம்மா செலஸ்டினாவிடம் விஷயத்தைச் சொன்னார். பிள்ளைக்கு எழுத்தே தெரியவில்லை, இரண்டாம் வகுப்புப் பாடத்துக்குத் திரும்பவும் போக வேண்டியிருக்கும் என்றார்.

செலஸ்டினா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"படிப்பு ஏறலைன்னா எதுக்கு சார் இங்க கெடக்கணும். கொச்சியில எங்க அக்காவுக்குக் கைப்பிள்ளை இருக்கு. பாத்துக்க ஆள் வேணும்னு ஓயாம கேக்குறா. இவளை அங்க விட்டுருதேன். திங்கக்கிழமை வாரேன், முடிவா ஒரு வார்த்தை சொல்லிருங்க."

கொச்சிப் பேச்சு சாருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொல்லத்தானே வேண்டும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் ஒரு தாளில் 'மறுபடி இரண்டாம் வகுப்புப் பாடம் படிக்க வேண்டியவர்கள்' என்று எழுதி, கீழே ஒரே ஒரு பெயரை எழுதி, ஜெனோவா டீச்சரின் மேஜையில் வைத்தார்.

"ஒரு கையெழுத்துப் போடுங்க டீச்சர்."

"போடுறேன். திங்கக்கிழமை காலைல ஒரு காரியம் பண்ணுங்க. போர்டுல ஒரு வரி எழுதிப்போட்டுட்டு நாற்காலியில உக்காந்துருங்க. வாசிச்சுக் காட்டாதீங்க. வாயே திறக்கக்கூடாது."

"என்ன எழுத?"

ஜெனோவா டீச்சர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்ன பாடம் டீச்சர்?"

"எழுதிப்போடுங்க சார்."

திங்கட்கிழமை சார் எழுதினார்: 'பையை வைத்துவிட்டு, சத்தம் போடாமல் வெளியே போய்ப் பூவரச மரத்தடியில் நில்லுங்கள்.' எழுதிவிட்டு உட்கார்ந்தார்.

வகுப்பு நோட்டை விரித்தது. தலைகள் குனிந்தன. பென்சில்கள் ஓடின.

"சார், அடிக்கோடு போடணுமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

சார் வாயைத் திறக்கவில்லை.

இன்னொருவன் எழுதி முடித்து, ரைட் வாங்க நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். சார் அவனைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். ஒரு புள்ளி பிசகாமல், 'வெளியே போய்ப் பூவரச மரத்தடியில் நில்லுங்கள்' என்று அழகாக எழுதியிருந்தது.

அப்போது ரென்சி எழுந்தாள். போர்டைப் பார்த்தாள். குனிந்திருந்த தலைகளைப் பார்த்தாள். பையை ஓரமாக வைத்துவிட்டு, குதிகால் தரையில் படாமல் வாசலைத் தாண்டிப் போனாள்.

எங்கே போகிறாய் என்று அதட்ட எடுத்த வாயைச் சார் மூடிக்கொண்டார். தான் எழுதியதைத் தானே ஒருமுறை வாசித்தார்.

வெளியே போனார். பூவரச மரத்தடியில் ரென்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"பிறகு ஏன் நான் வாசிக்கச் சொன்னா வாயைத் திறக்க மாட்டேங்கிற?"

"வாசிச்சேனே சார். உள்ளுக்குள்ள வாசிச்சேன். வீட்டுல அப்பா ராவெல்லாம் கடல்ல கெடந்துட்டு வந்து பகல்ல தூங்குவாங்க. சத்தம் வரக்கூடாது. அம்மா அப்படித்தான் பழக்கி இருக்காங்க."

"சரி. கட்டுரை? அதை ஏன் எழுதல?"

ரென்சி தயங்கினாள். திட்டு விழுமோ என்று முகத்தைப் பார்த்தாள்.

"ஆறு எங்க இருக்குன்னு தெரியல சார்."

"எந்த ஆறு?"

"எங்க ஊர் ஆறு. நீங்க எழுதிப்போட்டது. மூணு நாளா தேடுனேன். கோயிலுக்குப் பின்னாடியும் இல்ல, ஐஸ் கம்பெனிக்கு அங்கிட்டும் இல்ல. பாத்துட்டு எழுதலாம்னு இருந்தேன்."

சாருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அந்த ஆறு அவர் பிறந்த ஊரில் ஓடுகிறது. வாழைத் தோட்டமும் அங்கேதான். சிப்பிமுனையில் குடிதண்ணீரே லாரியில் வருகிறது. அதைப் போர்டில் எழுதியவருக்கும் தோன்றவில்லை, எழுதி ரைட் வாங்கிய இருபத்தொரு பேருக்கும் தோன்றவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் செலஸ்டினா பள்ளி வாசலுக்குள் வந்தாள். மகள் மரத்தடியில் நிற்பதைக் கண்டதும் அவள் முகம் செத்துவிட்டது.

"வெளிய நிறுத்தியாச்சா சார்? சரி, விடுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்." மகளின் கையைப் பிடித்தாள்.

"கையை விடுங்கம்மா," என்றார் சார். "உங்க பிள்ளையை யாரும் வெளிய நிறுத்தல. அவளா வாசிச்சிட்டு வந்து நிக்கா. என் வகுப்புல போர்டை வாசிச்சது இவ ஒருத்திதான். தப்பு என்மேல. நான் சொன்னதையெல்லாம் மறந்துருங்க."

செலஸ்டினாவுக்கு முதலில் பிடிபடவில்லை. சார் இன்னொரு தடவை சொன்னார். அவள் அப்படியே மரத்து வேரில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள்.

"வியாழக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு எறங்கல சார். துணிமணியெல்லாம் எடுத்துக் கட்டி வச்சிட்டேன். அப்ப கொச்சிக்கு?"

"யாரும் போக வேண்டாம். அவ மேப்புல போயிட்டு வரட்டும்."

செலஸ்டினா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மூட்டையைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மகளின் தலையை இரண்டு கையாலும் வழித்துவிட்டுப் போனாள். சாருக்கு நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. நல்லவேளை, நல்லவேளை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

ஜெனோவா டீச்சர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்த ஒற்றைப் பெயர்த் தாள் இருந்தது. அதை நான்காக மடித்துச் சாரிடம் கொடுத்தார். சார் வாங்கிக் கிழித்தார்.

கிழித்த பிறகுதான் அவருக்கு வேறொன்று உறைத்தது.

"டீச்சர், முப்பத்து மூணு வருஷம் நான் போர்டுல எழுதிப்போட்டிருக்கேன். பிள்ளைங்களும் எழுதினாங்க, பாஸ் பண்ணாங்க. அதுல எத்தனை பேர் என் ஊர் ஆத்தைத் தன் ஊர் ஆறுன்னு எழுதிட்டுப் போனாங்களோ. எத்தனை ரென்சியை நான் கைகழுவினேனோ. அதுக்கு நான் இப்ப என்ன பண்ண?"

ஜெனோவா டீச்சர் வகுப்பறை ஜன்னலைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளைங்க எல்லாம் வளந்து எங்கெங்கயோ போயாச்சு சார். உள்ள இருபத்தொரு பேர் இன்னும் எழுதிக்கிட்டிருக்காங்க. மரத்தடியில நிழல் நிறைய இருக்கு, கூட்டிட்டு வாங்க."