ஏழாவது நிபந்தனை

கோதண்டம் மடத்துக்கு வந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மடத்தை நடத்திவந்த மரகதம்மாளுக்கு நாற்பத்தாறு. வயதைப் பார்த்தா குருவைத் தேடுகிறோம்? வந்த அன்றே அம்மாளை வணங்கி, தீட்சை வேண்டும் என்று கேட்டார்.

"இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

"இன்வெர்ட்டர் கம்பெனியிலே இருந்தேம்மா. வாரண்டி கார்டு எழுதுறதும், புகார் வந்தா பதில் போடுறதும் என் வேலை. இருபத்திரண்டு வருஷம்."

"தீட்சை எதுக்கு?"

"மனசு ஆற மாட்டேங்குது."

கோதண்டம் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். முன்பக்கத்தில் 'மூன்றாண்டு முழு உத்தரவாதம்' என்று கட்டைவிரல் தடிமனில் சிவப்பு எழுத்து. பின்பக்கத்தில் பதினேழு நிபந்தனைகள். வெள்ளைத் தாளில் சாம்பல் நிற மை, கடுகைவிடச் சின்ன எழுத்து. அம்மாள் அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படிக்க முடியலையே."

"ஏழாவதை மட்டும் சொல்றேம்மா. மருத்துவக் கருவியோட இணைச்சா உத்தரவாதம் செல்லாது."

ஊத்தங்கரையில் தவமணி என்று ஒரு பெண். புருஷனுக்கு நுரையீரல் வியாதி. வீட்டிலேயே ஆக்சிஜன் இயந்திரம். கரண்ட் போனால் அது நின்றுவிடக் கூடாது என்றுதான் இன்வெர்ட்டரே வாங்கினாள். வாங்கிய எட்டாம் மாதமே பேட்டரி செத்தது. மாற்றித் தரச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினாள். கோதண்டம் ஒரே வரியில் பதில் போட்டார்: 'அட்டையின் பின்பக்கம் ஏழாவது நிபந்தனையைப் பார்க்கவும்.'

அடுத்து வந்த கடிதத்தை அவர் பர்ஸில் மடித்து வைத்திருந்தார். அம்மாள் அதை வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

"வாத்தியார் வீட்டுல பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தேங்க ஐயா. நீங்க சொன்னது சரிதான். எழுதியிருக்கு. அவரு போன செவ்வாய்க்கிழமை, கரண்ட் போன நேரத்துல போயிட்டாரு."

அவள் திட்டியிருந்தால்கூட கோதண்டம் தாங்கியிருப்பார். 'நீங்க சொன்னது சரிதான்' என்று எழுதியிருந்தாள். அதுதான் அவரை வேலையை விட வைத்தது.

"நான் ஒரு பொய்கூட எழுதலம்மா. எல்லாம் கார்டுலயே இருந்தது. அப்புறம் ஏன் மனசு இப்படி அறுக்குது?"

அம்மாள் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நாளையிலேருந்து வாசல்ல குரல் கொடுக்கற வேலை உங்களுக்கு."

மடம் அரசு ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்தது. நோயாளிகளோடு வந்து கிடப்பவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு அங்கேதான். பந்தி முடிந்ததும் கதவைச் சாத்திவிட மாட்டார்கள். ஒருவர் வாசலில் நின்று, "சாப்பிடாதவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்று தடவை கேட்க வேண்டும். யாராவது வந்துவிட்டால், பானை காலியாக இருந்தாலும் மறுபடி உலை வைப்பார்கள். மூன்றாவது தடவைக்கும் ஆள் வராவிட்டால்தான் கதவு சாத்தலாம்.

கோதண்டம் தினமும் கேட்டார். கூச்சப்பட்டு ஒதுங்கி நின்றவர்கள் தெரு முனையிலிருந்துகூட வந்தார்கள். அவருக்கே அது பிடித்துப்போனது. நான்கு மாதம் இப்படிப் போயிற்று. மனசு ஏன் அறுக்கிறது என்று அன்று கேட்டதற்கு மட்டும் அம்மாள் பதில் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் நெரிந்தது. இரண்டு முறை உலை வைத்தாயிற்று. அம்மாள் வெளியூர் போயிருந்தார். சமையல் பார்க்கும் சம்பங்கி, அடுப்பு மேடையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, பானை காலி. இன்னொரு தடவை உலை வைன்னா என்னால ஆகாது. கை ரெண்டும் விட்டுப்போச்சு."

அவள் சொன்னது நிஜம். கோதண்டத்துக்கும் இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது. அவர் வாசலுக்குப் போனார். ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அது தாண்டிப் போகும்வரை அவர் காத்திருக்கவில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் மணி கேட்பதுபோல மூன்று தடவை கேட்டார். கதவைச் சாத்தினார்.

மூன்றரை மணிக்கு அம்மாள் திரும்பி வந்தார். கூடவே ஒரு நடுத்தர வயதுப் பெண். பேர் மாதம்மா, ஜவ்வாது மலைக்காரி. மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு முந்தின நாளிலிருந்து பட்டினி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவளை அம்மாள் கைபிடித்துக் கூட்டி வந்திருந்தார்.

"ஏம்மா, நேரா உள்ளே வந்திருக்கலாமே?" என்றார் கோதண்டம்.

"கூப்புடுவாங்க, கூப்புட்டதும் போன்னு வார்டுல சொன்னாங்க சாமி. கூப்புடாத எடத்துக்கு எப்படி வர்றது? ஒரு மணியிலேருந்து காதத் தீட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்."

அம்மாள் தானே உலை வைத்தார். சம்பங்கியைப் படுக்கச் சொல்லிவிட்டார். சோறு வெந்ததும் இலை போட்டுப் பரிமாறினார். மாதம்மா ஆறும்வரை பொறுக்காமல் சுடச்சுட அள்ளி விழுங்கினாள். கோதண்டத்தால் அதைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

அவள் சாப்பிட்டு எழுந்து போன பிறகு அம்மாள் இலையை எடுத்தார். கோதண்டம் பின்னாலேயே போனார்.

"நான் கூப்பிட்டேம்மா."

அம்மாள் கை கழுவினார்.

"வாசல்ல நின்னுதான் கூப்பிட்டேன். மூணு தடவை. ஒண்ணுகூடக் குறையல. சம்பங்கியைக் கேட்டுப் பாருங்க."

"நம்புறேன்," என்றார் அம்மாள். "யாருக்குக் கேக்கக் கூடாதுன்னு கூப்பிட்டீங்க, கோதண்டம்?"

கோதண்டம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாள் அடுப்பைத் துடைத்து, பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கிறவரை அவர் எழுந்திருக்கவில்லை.

பிறகு மெல்லக் கேட்டார். "ஊத்தங்கரைக்குப் போயிட்டு வரட்டுமாம்மா?"

"போய் என்ன சொல்வீங்க?"

"கடுதாசியில சொல்லாததை. அந்த எழுத்தை அவ்வளவு பொடிசாப் போடச் சொன்னது நான்தான். சாம்பல் மையும் நான் எடுத்துக் கொடுத்ததுதான். பெருசா இருந்தா அந்த அம்மா மாதிரி ஆளுங்க வாங்காமப் போயிடுவாங்கன்னு..." அவர் குரல் உள்ளே போய்விட்டது. கடைசிச் சொற்கள் உதட்டில் மட்டும் அசைந்தன.

மரகதம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

"போயிட்டு வாங்க. ஆனா அங்கே இப்படிச் சொல்லாதீங்க. அந்த அம்மாவுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க."