கொக்கிக்குக் கீழே சிரித்தவர்

உண்ணாமுலை அம்மாவைப் பார்க்கக் குன்றுக்கு வருகிறவர்கள் பழம் கொண்டு வருவார்கள். தணிகைவேல் ஒரு கிரேனையே கொண்டு வந்தார்.

செங்கம் பக்கத்துக் குன்றில் அம்மா நடத்துகிற சின்ன ஆசிரமத்தில் தியான மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு மேலே வைக்க வேண்டிய கருங்கல் உத்தரம் நாலு டன். "என் வண்டி எதுக்கு இருக்கு?" என்று தணிகைவேல் அனுப்பிவிட்டார். அனுப்பியதோடு நிற்காமல், காரில் பின்னாலேயே வந்தும் சேர்ந்தார்.

மேருகிரி கனரக வாகனக் கம்பெனியை ஆரம்பித்தவர் அவர். வயது எழுபத்து நாலு. அம்மா அவரைவிட இருபது வயது இளையவர், முன்பு அரசுப் பள்ளியில் ஓவியம் சொல்லிக் கொடுத்தவர். ஆனாலும் பன்னிரண்டு வருடமாகத் தணிகைவேல் அவர் எதிரே தரையில் உட்கார்ந்துதான் பேசுவார். வேறு யார் எதிரிலும் அவர் தரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

அன்றைக்கு அவர் கையில் ஒரு புத்தகம் இருந்தது. கம்பெனியின் ஐம்பதாண்டு வரலாறு. அச்சுக்குப் போகும் முன் செய்த மாதிரிப் பிரதி. முதல் பக்கம் மட்டும் காலியாக இருந்தது.

"பத்து நாள்ல விழா அம்மா. இந்தப் பக்கத்துக்கு நீங்க ஆசியுரை எழுதித் தரணும். கண்ணை மூடறதுக்குள்ள எனக்கு வேண்டியது இது ஒண்ணுதான்."

"படிங்க. கேட்கிறேன்."

படித்தார். தகரக் கொட்டகையில் தொடங்கியது, முதல் டிப்பர் லாரி, வங்கிக்காரர்கள் கைவிரித்தது, முதல் கிரேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். காசு கொடுத்து எழுதச் சொன்னால் எல்லோரும் நன்றாகத்தான் எழுதுகிறார்கள்.

நாலாவது அத்தியாயம் வந்ததும் அவர் குரல் நிமிர்ந்தது.

"இதைக் கவனிச்சுக் கேளுங்க அம்மா. இது எங்ககிட்ட மட்டும் இருந்த வழக்கம். ஒரு கிரேன் முடிஞ்சதும் முழுச் சுமையைத் தூக்கி சோதனை பண்ணுவோம். அந்தக் கிரேனோட கையை வெல்டிங் பண்ணவர் எவரோ, அவர் போய் அந்தச் சுமைக்கு நேர் கீழே நிக்கணும். ஒரு கற்பூரம் எரிஞ்சு அணையற வரைக்கும். வாங்க வந்தவங்க அசந்து போவாங்க. மத்த கம்பெனிக்காரன் சர்டிஃபிகேட்டைக் காட்டுவான். நாங்க ஆளையே காட்டினோம்."

அம்மா எழுந்தார். மண்டபத்துக்குப் பக்கத்தில் கிரேன் உத்தரத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றது. மேஸ்திரி தூணின் தலையில் கலவையை மட்டம் பார்க்கும் வரை அது அப்படியே தொங்க வேண்டும். அம்மா நடந்து போய் உத்தரத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டார்.

"மீதியை இங்க வந்து படிங்க."

தணிகைவேல் அவசரமாக எழுந்தார்.

"அம்மா! வெளிய வாங்க!"

"உங்க வண்டிதானே?"

"யார் வண்டியா இருந்தா என்ன? தொங்கற சுமைக்குக் கீழ யாரும் நிக்கக் கூடாது. அதுதான் முதல் விதி. எங்க கேட்லயே பெருசா போர்டு வச்சிருக்கோம். வாங்கம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"போர்டு எப்ப வச்சீங்க?"

"தொண்ணூறுல."

அம்மா வெளியே வந்தார். திரும்பித் தன் இடத்தில் உட்கார்ந்து, கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார்.

"தொண்ணூறுன்னு போட்ட பக்கம் எது?"

அவர் எடுத்துக் காட்டினார். மூன்றே வரி இருந்தது. அம்மா சத்தமாகப் படித்தார். "ஒரு வெல்டரின் அலட்சியத்தால் கிரேன் ஒன்று சேதமடைந்தது. வருத்தத்திலும் துவளாமல் நிறுவனம் நவீனப் பாதுகாப்பு முறைகளுக்கு மாறியது."

பிறகு புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தார். பழைய புகைப்படம், கலரில். பெரிய இரும்புக் கட்டி ஒன்று தொங்குகிறது. அதன் கீழே ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வாய் நிறையச் சிரிப்பு.

"இவர் யாரு?"

"எங்க வெல்டர் அம்மா. அவங்க நம்பிக்கையைக் காட்டணும்னுதான் இந்தப் படம்."

"வெல்டருக்கு முழங்கை வரைக்கும் எதுக்கு மஞ்சப் பெயின்ட்?"

தணிகைவேல் புத்தகத்தை வாங்கக் கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை.

"மேலே கிரேன் கையில கம்பெனி பேர் பாதிதான் இருக்கு. 'மேரு'ன்னு எழுதி நிக்குது. யார் எழுதிக்கிட்டிருந்தது?"

"அந்தப் பெயின்டர்தான்" என்றார் அவர்.

அதன் பிறகு அவரால் பேச்சை நிறுத்த முடியவில்லை. துறைமுகத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள், அவர்கள் கழுத்தில் மாலை போட்டாகிவிட்டது, கற்பூரம் தட்டில் இருந்தது. லூர்துநாதன் என்கிற வெல்டர் வந்து, ஜாயின்டில் விரிசல் தெரிகிறது, இன்னும் இரண்டு நாள் வேண்டும், நான் நிற்க மாட்டேன் என்றார். வந்தவர்கள் முன்னால் இப்படியா என்று தணிகைவேலுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவரை அப்போதே வெளியே போகச் சொன்னார். யாரையாவது நிறுத்துங்கள் என்று மேனேஜரிடம் கத்தினார். பக்கத்தில் ஏணி போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்த தினக்கூலி பெயின்டரைக் கூப்பிட்டார்கள். போட்டோ எடுக்கணும், ரெண்டு நிமிஷம் நில்லு என்றார்கள்.

"கற்பூரம் பாதி கூட எரியல அம்மா."

அம்மா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழக்கம் இருந்த காலத்துல நிறையப் பேர் நின்னிருப்பாங்க. வேற படம் இல்லையா?"

"இருக்கு. மத்த படத்துல யாரும் சிரிக்கல."

"இவர் ஏன் சிரிக்கிறார்?"

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

மேஸ்திரி கரண்டியால் கலவையைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"லூர்துநாதன் என்ன ஆனார்?"

"விசாரணையில அவர் மேல எழுதிட்டோம். சரியா வெல்டிங் பண்ணாம ஓடிட்டார்னு. வேற எங்கயும் அவருக்கு வேலை கிடைக்கல. எல்லாக் கம்பெனிக்கும் நான்தான் லெட்டர் போட்டேன்."

"வழக்கம் இருந்த அத்தனை வருஷத்துல நீங்க எத்தனை தடவை நின்னீங்க?"

"நான் வெல்டர் இல்லையே அம்மா."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. பெரியவர் அழுதார். பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். எனக்குப் பாவமாக இருக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் தாமதமாக வந்த அழுகை அது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அட்டையை மாத்திடறேன்."

"வேண்டாம். இந்தப் புத்தகத்துல நிஜம் அட்டை ஒண்ணுதான்."

"அப்ப உள்ள மாத்தறேன். லூர்துநாதன் மேல தப்பில்லைன்னு போடறேன். பெயின்டர் பேரையும் போட்டுடறேன். அப்ப எழுதித் தருவீங்களா?"

"என்ன பேர் போடுவீங்க?"

தணிகைவேல் வாயைத் திறந்தார். ஐம்பது வருடத்தில் செய்த வண்டிகளின் எண்கள் அவருக்கு மனப்பாடம். முதல் டிப்பரை வாங்கினவரின் பேரன் பெயர்கூடத் தெரியும். திறந்த வாய் அப்படியே இருந்தது.

"ரிஜிஸ்டர்ல 'பெயின்டர் ஒருவர்'னுதான் இருந்தது" என்றார் கடைசியில்.

"உடம்பை யார் வந்து வாங்கினது?"

"ஒரு பொண்ணு வந்துச்சு. கைக்குழந்தையோட. கேட்டுக்கு வெளியவே நின்னுச்சு. நாங்க பேர் கேக்கல."

"ஆண் குழந்தையா, பெண்ணா?"

"பையன்னு வாட்ச்மேன் சொன்னான்."

மேஸ்திரி கையைக் காட்டினார். கிரேன் மெதுவாகத் திரும்பி, உத்தரத்தைக் கொண்டுபோய்த் தூண்களின் மேல் வைத்தது. ஒரு நூல்கூட விலகவில்லை. நல்ல வண்டிதான். ஆபரேட்டர் முதலாளியைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். தணிகைவேல் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அம்மா காலிப் பக்கத்தைத் திறந்து, பேனாவையும் உள்ளே வைத்து, புத்தகத்தை அவர் மடியில் வைத்தார்.

"அந்தப் பையனுக்கு இப்ப முப்பத்தஞ்சு, முப்பத்தாறு வயசு இருக்கும். ஆசியுரையை அவர்கிட்ட வாங்கிட்டு வாங்க."