நாவியும் அதிவிடயமும்

"தப்பு செடி மேலயா, என் மேலயா? அதை மட்டும் சொல்லுங்க தாயே."

இதைக் கேட்கத்தான் ஆவுடையப்பன் வைத்தியர் தென்காசியிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி, இந்த வயதில், மூச்சிரைக்க இமயமலைக் காட்டுக்கு ஏறி வந்திருந்தார். கேட்டது கோமதித் தாயிடம். அவளும் தெற்கத்திக்காரிதான், அவருக்கு மகள் வயது. துறவு பூண்டு வந்தவள் அந்தத் தேவதாருக் காட்டிலேயே தங்கிவிட்டாள். அங்கே அவளுக்குத் தெரியாத செடி இல்லை என்று பேச்சு.

நடந்தது இதுதான். பேத்திக்குக் காய்ச்சலும் பேதியும். அதிவிடயக் கிழங்கை இழைத்துக் கொடுத்தார். பிள்ளைகளுக்குப் பொன்னான மருந்து. ஆனால் கடைச் சாக்கில் அதோடு நாவிக் கிழங்கும் கலந்து கிடந்திருக்கிறது. நாவி கொடிய விஷம். பொழுது சாயுமுன் பிள்ளை போய்விட்டது.

"நீங்க என்ன பண்ணுவீங்கப்பா, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு" என்று மகன் தேற்றினான். மருமகள் மட்டும் அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை. பாவம், பெற்றவள், அவள்தான் என்ன செய்வாள்?

கோமதித் தாய் அவரை மலைச்சரிவுக்குக் கூட்டிப்போனாள். இரண்டு செடியும் பக்கம் பக்கமாக நின்றன. இரண்டிலும் நீலப் பூ. ஆனால் நாவியின் இலை விரல் விரலாகப் பிளந்திருந்தது. அதிவிடயத்தின் இலை பிளக்கவில்லை. சின்னப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லிவிடும்.

வைத்தியர் விடவில்லை.

இங்கே தோண்டுகிறவனுக்கு இலை தெரியும், சரி. காய்ந்த கிழங்காகக் கைக்கு வந்தபிறகு என்னத்தைக் கண்டது என்று அவளோடு மல்லுக்கு நின்றார்.

அவள் குடிலுக்குள் போய்க் காய்ந்த கிழங்கு இரண்டைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். உருட்டிப் பார்த்தார். மோந்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஊஹூம்.

"தெரியல."

"பார்த்தா எனக்கும் தெரியாது" என்றாள்.

அப்பாடா! கிழவருக்கு அழுகையே வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஊருக்குப் போனதும் முதல் வேலையாக மருமகளிடம் இதைச் சொல்லவேண்டும். அந்தக் காட்டிலேயே கிடக்கிறவளுக்கே தெரியவில்லையாம் என்று சொல்லவேண்டும். மருமகள் தன் கையால் ஒரு வாய் சோறு போட்டால் போதும்.

கோமதித் தாய் ஒரு கிழங்கை எடுத்துச் சுரண்டி, நாக்கு நுனியில் தொட்டுத் துப்பினாள். உதட்டைத் தடவிப் பார்த்தாள். மரத்திருந்தது. குழி தோண்டி அந்த நாவியைப் புதைத்தாள். நன்றாக வாய் கொப்பளித்துவிட்டு மற்றதைத் தொட்டாள். முகம் கோணிப்போனது, அப்படி ஒரு கசப்பு. அதைப் பத்திரமாக முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வைத்தியரின் அழுகை நின்றுவிட்டது. இந்தச் சோதனை அவருக்குப் புதிதில்லை. அவர் வீட்டில் பாட்டன் காலத்திலிருந்து, நாக்கில் வைத்துப் பார்க்காமல் யாரும் அதிவிடயத்தை இழைத்ததில்லை.

"அன்னைக்கு நாக்குல வச்சுப் பார்த்தீங்களா, வைத்தியரே?"



"அப்பதான் காப்பி குடிச்சிருந்தேன் தாயே. வாய் கசந்துபோகுமேன்னு விட்டுட்டேன்."