முள்ளம்பன்றி ஏன் உடம்பை உலுக்குகிறது?

மிருகமும் பறவையும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், காட்டுக்கென்று ஒரு கூத்துக் குழு இருந்தது. உடை தைத்து வேஷம் கட்டிவிடுவது பூச்சாயி என்கிற முள்ளம்பன்றி. அப்போது அவள் உடம்பில் ஒரு முள்கூடக் கிடையாது, பூசணிக்காய் மாதிரி வழவழவென்று இருப்பாள். மரத்திலிருந்து ஒடித்த நீளநீளமான முட்கள்தான் அவளுக்கு ஊசி.

வேஷக் கொட்டகையா அது? கரடியின் தாடி ஒரு மூலையில், குரங்கின் கிரீடம் யார் காலடியிலோ. மேடைக்குப் போக ஒரே ஒரு சந்து. அதிலேயே உட்கார்ந்துதான் பூச்சாயி தைப்பாள். ஊசி வைக்க இடமில்லை என்று பக்கத்துத் தரையில் குத்திவிடுவாள்.

"ஒரு வைக்கோல் உருண்டை செஞ்சு அதுல குத்தி வையேன்டி," என்றாள் அவளுடைய சிநேகிதி, வெள்ளச்சி என்ற கொக்கு.

"என் ஊசி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? போடி வேலையைப் பாத்துக்கிட்டு!"

கேட்டால்தானே!

வெள்ளச்சி பல வருஷமாக மேடையில் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றவள். அன்றைக்குத்தான் முதல்முறையாக ராணி வேஷம். காலையிலிருந்து அவளுக்கு ஒரு மீன்கூட இறங்கவில்லை. மேளம் தட்டியாயிற்று, அந்த நேரம் பார்த்து இடுப்புப் பட்டை அறுந்தது.

"ஐயோ, சீக்கிரம்டி! என்னைக் கூப்பிடறாங்க!"

பூச்சாயி பரபரவென்று தைத்தாள். அவசரத்தில் ஊசியைத் தரையில் தலைகீழாக நட்டாள். கூர்முனை மேலே பார்த்தது. "ஓடு, ஓடு!" என்று வெள்ளச்சியின் முதுகைத் தட்டினாள்.

ஓடிய வெள்ளச்சியின் பாதத்தில் ஊசி முழுசாக ஏறியது.

அவள் கத்தவில்லை. அலகை இறுக்கிக்கொண்டு, அந்தக் காலை வயிற்றோடு மடக்கி, ஒற்றைக்காலிலேயே ராணியாக நின்று கூத்தை முடித்தாள். "அடடா, என்ன கம்பீரம்!" என்று கூட்டம் கொண்டாடியது. பூச்சாயி சந்தில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள்.

வெள்ளச்சி உள்ளே வந்ததும் ஊசியைப் பிடுங்கியவளும் பூச்சாயிதான். பிறகு தரையிலிருந்த ஊசிகளையெல்லாம் பொறுக்கி, மழுங்கிய முனையைத் தன் முதுகில் அழுத்தி அழுத்தி நட்டுக்கொண்டாள்.

"பைத்தியமாடி உனக்கு? வலிக்கலையா?" வெள்ளச்சி நொண்டிக்கொண்டே வந்து தடுத்தாள்.

"வலிக்கட்டும். உனக்கு வலிச்சுதே!"

ஊசிகள் அப்படியே வேர்விட்டுவிட்டன.

அன்று முதல்தான் கொக்கு ஒற்றைக்காலில் நிற்கிறது. முள்ளம்பன்றிக்கோ இன்றுவரை நிம்மதி இல்லை. நாலடி நடந்தால் போதும், ஒரு ஊசியாவது கீழே விழுந்துவிட்டதோ என்று சலசலவென்று உடம்பை உலுக்கிப் பார்த்துக்கொள்கிறது.