வஞ்சி வளர்த்த மலை

கடலில் இத்தனை உப்புச் சேராத முன்னொரு காலத்தில், மேடு என்பதே இல்லாத ஒரு நாடு இருந்தது. கடல் பொங்கினால் ஓடி ஏற ஒரு குன்றுகூடக் கிடையாது. ஒரு மழைக்காலத்தில் பாதி ஊர் தண்ணீரோடு போய்விட, மனம் நொந்த ராஜா தன் மூன்று பெண்களையும் கூப்பிட்டார்.

"ஜனங்கள் ஏறிப் பிழைக்க எவள் மலை தருகிறாளோ, அவளுக்குத்தான் என் கிரீடம்."

மூத்தவள் மரகதம், நடுவில் பிறந்த வஞ்சி, கடைக்குட்டி குயிலி மூவரும் மலைக்கு வழி தேடிப் பாதாளத்துக்குப் போனார்கள். அங்கே தழலன் என்ற மந்திரவாதி பாறைகளை உருக்கி நெருப்புக் குழம்பு காய்ச்சிக்கொண்டிருந்தான். ஆளுக்கொரு பானை கொடுத்தான்.

"மண்ணுல புதைச்சு வைங்க தாயி. பூமி பிளந்து குழம்பு பொங்கும், ஆறும், கல்லாகும். பொங்கும், ஆறும், வளரும். ஆனா மலையும் அதை வளர்க்கிறவளும் ஒண்ணு. நீங்க மனசுல எதையாவது போட்டுப் பூட்டினா, மலையோட வாயும் பூட்டிக்கும். பூட்டின மலை வெடிக்கும்."

மரகதத்தின் குழம்பு கஞ்சிபோல நீர்த்தது. பொங்கியது, ஓடியது, வெகுதூரம் பரவி ஆறியது. கவிழ்த்து வைத்த கேடயம்போல அகலமான மலை வளர்ந்தது. குயிலியின் குழம்பு நுரைத்துத் தெறித்து, சரளைக்கல்லாகப் பொலபொலவென்று கொட்டியது. உச்சியில் குழிவிழுந்த சின்னக் குன்று ஒன்று குவிந்ததோடு அது நின்றுவிட்டது. குயிலி அதில் ஆடு மேய்த்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தாள்.

வஞ்சியின் குழம்போ களிபோலக் கெட்டி. ஒருநாள் சாம்பலைக் கக்கும், மறுநாள் குழம்பைக் கக்கும். சாம்பல்மேல் கல், கல்மேல் சாம்பல் என்று அடுக்கடுக்காக ஏறி மேகத்தைத் தொட்டது. அத்தனை அழகான மலையை அந்த நாடு கண்டதில்லை.

ஆனால் ஜனங்கள் என்ன செய்தார்கள்? அண்ணாந்து பார்த்து "அடேயப்பா" என்றார்கள்; பிறகு மூட்டை முடிச்சோடு மரகதத்தின் மலைக்குக் குடிபோனார்கள். அங்கேதான் ஏறுவது சுலபம், வீடு கட்டவும் இடமிருந்தது. வஞ்சிக்கு வயிறு எரிந்தது. தோசைபோலப் படுத்துக் கிடக்கும் ஒரு மலைக்கு இத்தனை மவுசா?

அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் எழுந்ததும் தங்கை அக்காளை மூன்று நல்ல வார்த்தை சொல்லிப் புகழவேண்டும். பொறாமை கொண்டவளின் நாக்கில் அந்த மூன்று வார்த்தையும் வேப்பங்காயாகக் கசந்தன. ஆனாலும் சிரித்த முகத்தோடு சொன்னாள். ஒவ்வொரு நாள் சொன்னபோதும் மலையின் வாயில் கெட்டிக் குழம்பு இன்னும் கொஞ்சம் உறைந்தது. ஒருநாள் புகையே நின்றுபோயிற்று. உள்ளே அடைபட்ட ஆவிக்கு வழியில்லை. மலையின் ஒரு பக்கம் வீங்கியது, தரை நடுங்கியது. வீங்கிய பக்கத்துக்கு நேர் கீழேதான் மரகதத்தின் மலையும் அதன்மேல் அத்தனை குடும்பங்களும்.

வஞ்சி தலைதெறிக்க இறங்கி ஓடினாள். அக்காளைக் கண்டதும் பழக்கதோஷத்தில், "உன் மலை தங்கம், உன் கை தங்கம், உன் மனசு தங்கம்" என்றாள். மலை உறுமியது.

"உன் மலை கொஞ்சம் சப்பைதான் அக்கா" என்றாள். மலை மறுபடி உறுமியது.

வஞ்சி கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்குப் பொறாமை அக்கா. எல்லாரும் உன்கிட்டயே வர்றது எனக்குத் தாங்கல. கடல் வந்து உன் மலையை முழுங்கணும்னு நெனச்சேன். மேல ஜனங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுதான் நெனச்சேன்."

சொல்லி முடித்ததும், உச்சியில் அடைத்திருந்த கல் பிளந்து, மலை பெருமூச்சு விட்டதுபோல வெள்ளைப் புகை மேலே போயிற்று. வீக்கம் வடிந்தது. தரை அடங்கியது.

மரகதம் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தலை குனிந்து, "உன் மலை உச்சி கண்ணுல படக்கூடாதுன்னு என் ஜன்னலையே செங்கல் வச்சு அடைச்சுட்டேன்டி. என் குழம்பு கஞ்சியா இருந்ததாலதான் என் மலை பூட்டிக்கல" என்றாள். இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அந்த வருஷமும் கடல் பொங்கியது. ஒரு உயிரும் போகவில்லை. கிரீடம் மரகதத்துக்கே கிடைத்தது. வஞ்சியின் மலை தூவிய சாம்பலில் நெல் இடுப்பளவு வளர்ந்ததால், அறுவடையில் முதல் மரக்கால் அவளுக்கு என்று ஊரே கூடி முடிவு செய்தது. புகழ்மொழி வழக்கத்தையும் புது ராணி எடுத்துவிட்டாள்.

வஞ்சிக்குப் பொறாமை போய்விட்டதா? அதெல்லாம் எங்கே போகும்? வரும்போதெல்லாம் நேரே அக்காளிடம் போய்ச் சொல்லிவிடுவாள். உச்சியில் குபுக்கென்று புகை கிளம்பும். கீழே நாற்று நடுகிற பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "இன்னிக்கு ராணியம்மா புதுப்பட்டு கட்டியிருக்காங்கபோல" என்று சிரித்துக்கொள்வார்கள். புகை வராத நாளில்தான் அவர்களுக்குப் பயம். உடனே வஞ்சியின் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள்.

"அம்மா, ஏதாச்சும் மனசுல வச்சிருக்கீங்களா? சொல்லிடுங்கம்மா, நாங்க புள்ளகுட்டிக்காரங்க."