இருவாச்சிக் குடும்பத்தின் பொந்து

ஆனைமலைக் காட்டில் ஓர் இருவாச்சிச் சோடி இருந்தது. இருவாச்சி சின்னப் பறவை இல்லை. சிறகை விரித்தால் ஓர் ஆள் நீளம்.

முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய்விடும். ஆண் மண் கொண்டுவந்து கொடுக்கும். பெண் உள்ளேயிருந்தே வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் மிச்சம். பிறகு பறக்கும் இறகுகளை உதிர்த்துவிடும். வெளியே வந்தாலும் பறக்க முடியாது. ஆண் கொண்டுவந்து ஊட்டினால் உண்டு. இல்லையென்றால் தாயும் சாகும், குஞ்சும் சாகும்.

இந்தச் சோடிக்குப் பொந்து கொடுத்தது ஒரு மரநாய். காட்டின் நல்ல பொந்துகள் எல்லாம் அதன் கையில்தான்.

"சின்னப் பொந்து ஒண்ணு போதுங்க," என்றது ஆண் இருவாச்சி.

"என்ன மாப்ளே, உங்க உடம்புக்குச் சின்னப் பொந்தா? அந்த உச்சிப் பொந்தைப் பாருங்க. அரண்மனை! தினம் பத்து அத்திப்பழம் கொடுங்க. ரெண்டு வருசம் விடாம கொடுத்தா உங்களுக்கே சொந்தம். மூணு நாள் தவறினா திரும்ப எனக்கு. நீங்க எங்க தவறப் போறீங்க?"

"அத்தி காய்க்காம போனா?"

"அத்தி என்னைக்கு மாப்ளே காய்க்காம போயிருக்கு?"

ஆறு கோடை பார்த்த மரநாய் அது. அதில் இரண்டு கோடை அத்தி காய்க்கவில்லை. அதைச் சொல்லவில்லை. இருவாச்சியும் அக்கம்பக்கம் விசாரிக்கவில்லை. தலையாட்டிவிட்டது.

முதல் வருசம் ஒழுங்காய்க் கொடுத்தது. அடுத்த வருசம் மழை பொய்த்தது. அதற்குள் பெண் உள்ளே போய் வாசலை அடைத்துவிட்டது. நாள் முழுக்கப் பறந்தால் ஆணுக்குப் பன்னிரண்டு பழம் கிடைத்தது. பத்து மரநாய்க்கு, இரண்டு வீட்டுக்கு. பிறகு ஆறுதான் கிடைத்தது. ஆறையும் வீட்டுக்கே ஊட்டியது. நாலாம் நாள் மரநாய் வந்து நின்றது.

"வாசலை உடைக்கப் போறேன் மாப்ளே."

"உடைச்சா அவ எங்கீங்க போவா? இறகே இல்ல. குஞ்சு கண்ணு தொறந்தே நாலு நாள்தான் ஆச்சு."

"அதெல்லாம் நம்ம பேச்சுல இல்லையே."

இருவாச்சி மூத்த பெண் யானையிடம் பறந்தது. அந்தக் காட்டில் அது வைத்ததுதான் சட்டம். ஆத்தா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஓடைக்கரையில் ஓர் அத்தி மரம் ஆத்தாவின் காவலில் இருந்தது. எந்த வறட்சியிலும் காய்க்கும் மரம். ஓடை வற்றும்வரை அதில் யாரும் வாய் வைக்கக் கூடாது. வற்றிய பிறகு எல்லோருக்கும் பங்கு. இருவாச்சி நடந்ததை எல்லாம் ஆத்தாவிடம் சொன்னது.

"அந்த மரத்துப் பழத்தைக் கொடுங்க ஆத்தா. மழை வர்ற வரைக்கும்."

மலையணில் தடாலென்று குதித்து இறங்கியது.

"எதுக்குக் கொடுக்கணும்? நான் குச்சி குச்சியாப் பொறுக்கிக் கூடு கட்டுனேன். காத்தடிச்சா ஆடும். மழை பெஞ்சா ஒழுகும். அரண்மனையா கேட்டேன்? வயித்தைக் காயப் போட்டுக்கிட்டு அந்த மரத்தை நானும்தான் தாண்டிப் போனேன். ஒரு பழம் தொட்டேனா? இன்னைக்கு இவருக்குக் கொடுத்தா, நாளைக்கு ஒவ்வொரு மைனாவும் உச்சிப் பொந்து கேட்கும்."

அங்கே கூடியிருந்த விலங்குகளில் பல தலைகள் ஆடின. அணில் சொன்னதில் பொய் இல்லை. இருவாச்சி தலை குனிந்து நின்றது.

பின்னாலேயே வந்திருந்த மரநாய் குறுக்கே புகுந்தது. "நீங்க தாராளமாக் கொடுங்க ஆத்தா. பாக்கி முப்பது பழம். நேரா என்கிட்டயே கொடுத்துடுங்க. அவருக்கு எதுக்கு அலைச்சல்?"

ஆத்தா காதை வீசியது.

"அணிலு, நீ போயி அந்தப் பொந்துக்குள்ள பார்த்துட்டு வா. வந்து நீ வேண்டாம்னா வேண்டாம்."

அணில் ஏறியது. கீறலில் கண்ணை வைத்தது.

உள்ளே அரையிருட்டு. அந்தப் பெரிய பறவை, இறகில்லாத சிறகுகளைச் சுவரோடு ஒடுக்கி உட்கார்ந்திருந்தது. உதிர்த்த இறகுகள் குஞ்சுக்கு மெத்தையாய்க் கிடந்தன. மலைக்கு மலை தாண்டிய இறகுகள். ஒவ்வொன்றும் அணிலின் உடம்பளவு நீளம்.

கீறலில் வெளிச்சம் மறைந்ததும் பெண் இருவாச்சி தலையைத் தூக்கியது. வந்தது கணவன் என்று நினைத்தது.

"வந்துட்டீங்களா? குஞ்சுக்கு நேத்துப் பழம் என் தொண்டையில இருக்கு. அதைக் கொடுத்துக்கறேன். இன்னைக்குக் கிடைச்சதை நீங்க சாப்பிடுங்க. நீங்க விழுந்துட்டா எல்லாம் போச்சு."

அணில் இறங்கி வந்தது.

"கொடுங்க ஆத்தா," என்றது. "ஆனா ஒரு பழம்கூட மரநாய்கிட்டப் போகக் கூடாது. எல்லாம் அந்தக் கீறல் வழியா உள்ள போகணும்."

மரநாய் சீறியது. "இப்படிப் பண்ணுனா இனி எவன் பொந்து கொடுப்பான்? பேசுன பேச்சுக்கு மதிப்பு வேண்டாமா?"

"வேணும்," என்றது ஆத்தா. "மழைக்கு அப்புறம் தினம் அஞ்சு வாங்கிக்கோ. விட்ட நாளைக் கடைசியில சேர்த்துக்கோ. அத்தி காய்க்காத வருசம் உண்டுன்னு தெரிஞ்சும் மறைச்சே. காத்துக் கிட."

பிறகு இருவாச்சியின் பக்கம் திரும்பியது. "நீயும் கேட்டுக்கோ. இது ஊர்ப் பழம். மழை விழுந்ததும் மொட்டை மேட்டுல நூறு அத்தி விதை போடணும். முளைச்சதை அணிலு வந்து எண்ணும்."

"போடறேனுங்க ஆத்தா."

அந்தக் கோடையில் எல்லோருக்கும் பங்கு கொஞ்சம் குறைந்தது. அணிலுக்கும் குறைந்தது. முணுமுணுத்தபடியே தின்றது.

மழை வந்தது. தாய்க்குப் புது இறகு முளைத்தது. மண்சுவரைக் கொத்தி உடைத்து வெளியே வந்தது. சில வாரம் கழித்துக் குஞ்சும் வந்தது. ஒரு நாள் காலையில் மூன்றும் சேர்ந்து பள்ளத்தாக்கைக் கடந்தன. அந்தச் சிறகுச் சத்தம்! மலைக்காற்று மொத்தமும் ஒரே பக்கம் திரும்பியதுபோல் காடு அதிர்ந்தது. மேய்ந்த மான்கள் மேய்ச்சலை விட்டன. அணில் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தது. மரநாய்கூடப் பார்த்தது. பாக்கி கேட்க வந்தது, கேட்க மறந்து பார்த்தது.

இடறி விழுந்தவரைத் தூக்கப் பொதுப் பொருளைக் கொடுக்கலாம். ஆனால் அது அவர் வீட்டுக்குள் போக வேண்டும், அவரை இடற விட்டவர் கைக்குப் போகக் கூடாது.